சின்ன இங்கிலாந்தும் நமது நுவரெலியாவும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம்மில் பலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் சென்னையிலும் வாழ்கிறோம். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் நுவரெலியா என்கிறோம். கேட்டவருக்குப் புரியாவிட்டால், "சின்ன இங்கிலாந்து என்பார்களே, அதுதான்" என்று சேர்த்துச் சொல்கிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது, அது சொல்லாமல் விடுவது எதை என்பதைப் பற்றி இன்று கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகல மலையின் அடியில் இருக்கிறது நமது ஊர். 1819இல் டொக்டர் ஜோன் டேவி இங்கு வந்து எழுதிய பிறகுதான் இந்தக் குளிர்ந்த சமவெளி வெள்ளைக்காரரின் கவனத்துக்கு வந்தது. தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் இங்கே தமக்கு ஒரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். காய்ச்சலில் விழுந்த படைவீரர் உடல் தேறுவதற்கும் இந்த இடம் பயன்பட்டது.

1848இல் சாமுவேல் பேக்கர் என்பவர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கறவை மாடுகளையும் ஆடுகளையும் வேட்டை நாய்களையும் கலப்பைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடப் பார்த்தார். 1855இல் அவர் போய்விட்டார். பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர் இவரே. ஆனால் அவர் போட்ட அச்சு அழியவில்லை. 1852இல் பரிசுத்த திரித்துவ ஆலயம், 1861இல் சிங்கோனா பயிரிட ஹக்கலைத் தோட்டம், 1873இல் தேசாதிபதி கிரகரியின் பெயரில் வாவி, 1876இல் ஹில் கிளப், 1889இல் கொல்ஃப் மைதானம், 1894இல் செங்கல் தபாற்கந்தோர், 1897இல் மகாராணியின் வைர விழாவுக்கு விக்டோரியா பூங்கா என்று ஒவ்வொன்றாக வந்தன. சித்திரை மாத சீசனும் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் இன்றும் நடக்கின்றன. ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு இன்றும் கழுத்துப்பட்டி கட்டித்தான் போகவேண்டும்.

இவையெல்லாம் அழகானவை என்பதை நாம் மறுக்கவில்லை. பாடசாலை விட்டதும் பூங்காவைச் சுற்றி நடந்தவர்கள் நாம். 2023இல் தபாற்கந்தோரை விடுதியாக்கும் திட்டம் வந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சிவப்புக் கட்டடத்தை இழக்க நம்மில் பலருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் சகோதரிகளே, சின்ன இங்கிலாந்து என்று சொல்லும்போது ஒரு கேள்வி எழவேண்டும். இந்த ஊருக்குப் பாதை வெட்டியது யார்? ஊரைச் சுற்றிக் காட்டை அழித்து மலைகளைப் பச்சையாக்கியது யார்?

கொல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்று வழிகாட்டிகள் எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் பாதையோரத்தில் விழுந்த நம்மவர் ஒருவருக்கும் கல் நாட்டப்படவில்லை. 2023இல் மலையகம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த நடைதான் அவர்களுக்கு நாம் வைத்த கல்.

பெண்களாகிய நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் இல்லை. வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். நமது பாட்டிமார் இந்த மண்ணில் நிலைத்தது அப்படித்தான். அந்தக் கொழுந்தைக் கொழும்புக்குக் கொண்டுபோக ரயில் 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறி வந்தது.

தோட்டங்களுக்குத் துரைமார் தங்கள் நாட்டுப் பெயர்களை வைத்தார்கள். டன்சினன், ஹோலிரூட், கிளாஸ்கோ, எடின்பரோ. ஹற்றனே ஸ்கொட்லாந்துச் சிற்றூர் ஒன்றின் பெயர்தான். நம்மவர்களோ லயத்துக்குள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். கடதாசியில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். கடதாசிப் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. வாய்ப்பெயர் நமது பாட்டிமாருடன் போய்க்கொண்டிருக்கிறது.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இலக்கங்களாகப் படித்தால் இது ஒரு கணக்கு. ஹற்றன் ஸ்டேஷனில் அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் நின்று அழுத கதை இல்லாத குடும்பம் இங்கே குறைவு. ரயிலில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

அங்கிருந்து பலர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது. நீலகிரியின் ஊட்டியும் நமது ஊரைப் போலவே வெள்ளைக்காரன் குளிருக்காகக் கட்டிய மலைநகரம். 1820களில் ஜோன் சலிவன் உருவாக்கியது. அங்கேயும் ஒரு வாவி, ஒரு பூங்கா, ஒரு கிளப், ஒரு பழைய ஆலயம். ஒரு சின்ன இங்கிலாந்தின் மலையிலிருந்து இறங்கியவர்கள் கடல் கடந்து இன்னொரு சின்ன இங்கிலாந்தின் மலையில் கூடையுடன் ஏறினார்கள். இரண்டு ஊரின் அழகுப் படங்களிலும் அவர்கள் தூரத்துப் புள்ளிகளாகத் தெரிகிறார்கள்.

இங்கே தங்கியவர்கள் மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. 2003இன் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆசிரியை, தாதி, வைத்தியர், சட்டத்தரணி என்று இன்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருடைய பாட்டி விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்றவர்! ஆனாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. சொந்தக் காணிக்கும் நியாயமான சம்பளத்துக்கும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நுவரெலியாவைப் பற்றிய பேச்சு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ பெரியம்மாவோ அத்தையோ இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவருடைய முன்னோர் வந்த ஊர் எது? தோட்டத்துக்கு லயத்தில் வழங்கிய பெயர் என்ன? எந்தெந்த மலையில் கொழுந்து எடுத்தார்? அவருடன் ஒரே நிரையில் நின்ற பெண்களின் பெயர்கள் என்ன? ஒரு பக்கம் போதும். தமிழில் எழுத முடியாத பிள்ளைகள் குரலைப் பதிவு செய்தாலும் போதும். அவற்றை நமது கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினால், ஊரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அவையும் இருக்கும்.

இன்று கூட்டம் முடிந்ததும் பலர் வாவிக்கரைக்கும் பூங்காவுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போவீர்கள். நன்றாகக் காட்டுங்கள். நேரம் இருந்தால் இன்னும் இரண்டு மைல் போய், பாட்டி கூடையோடு ஏறிய மலையையும் காட்டுங்கள்.