கலைஞனும் சங்கமும்
(காங்கேயத்தில் கூடிய கலைஞர்கள் கூட்டத்தில் பேசியது)



கஷ்டப்படுகிற கலைஞன் ஒரு சங்கத்தில் மெம்பராகச் சேர்ந்தால் அவன் பெயர் நாலு பேருக்குத் தெரிய வருமா என்பதுதான் இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம். இந்தக் கேள்வி காங்கேயத்தில் எழுந்ததில் ஆச்சரியமில்லை. சுவரிலும் கடைப் பலகையிலும் எழுத்து எழுதி ஜீவித்து வந்த தோழர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பிளெக்ஸ் வந்த பிறகு, இவர்கள் இரண்டு நாள் ஏணியில் நின்று செய்த வேலையை ஒரு யந்திரம் ஒரு மணி நேரத்தில் துப்பிவிடுகிறது. தப்பு வாசிக்கும் தோழர்கள் வந்திருக்கிறார்கள். கும்மி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் பெண்மணிகளும் வந்திருக்கிறார்கள். காங்கேயம் என்றால் காளை என்று ஊரெல்லாம் சொல்லும். நம்மூர் மாட்டுக்கு இருக்கிற பெயர் நம்மூர் மனிதனுக்கு இல்லை!

சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அது யாருடைய சங்கம், வாசலில் நின்று ஆள் பொறுக்குகிறவர் யார், பணப்பெட்டியின் சாவி யாரிடம் என்று கேளாமல் சந்தா கட்டுகிறவன், கோயில் உண்டியலில் காசு போடுகிறவனுக்குச் சமானம் என்பதே என் அபிப்பிராயம்.

சங்கங்கள் நம் நாட்டில் குறைவா? கலைக்கென்று எத்தனையோ சபைகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ரசிகர்களும் வக்கீல்களும் பணக்காரர்களும் கூடி நடத்தியவை. கலைஞன் அங்கே அழைத்தால் வருகிற ஆசாமி. தீர்மானம் செய்கிறவன் அல்ல. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டிலிருந்து பிறந்து, 1928-இல் ஆரம்பமான மியூசிக் அகாடமியையே பாருங்கள். கல்யாணம் என்றால் நாதசுரம்; கோயில் என்றால் நாதசுரம். அதில்லாமல் சங்கீதமே இல்லை என்பார்கள். ஆனால் அந்த அகாடமியின் பெரிய பட்டமாகிய சங்கீத கலாநிதி முதன்முதலாக ஒரு நாதசுர வித்வானுக்குக் கிடைத்தது 1956-இல், திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு. நாதசுரச் சக்கரவர்த்தி என்று ஜனங்கள் கொண்டாடிய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அந்தப் பட்டம் இல்லாமலே அதே வருஷம் காலமானார். ஜனங்களுக்குத் தெரிந்தவன் சங்கத்துக்குத் தெரிய எத்தனை வருஷம் பிடிக்கிறது பார்த்தீர்களா!

பட்டம் கிடக்கட்டும். நாதசுரம் வாசிக்கிறவர் பெரிய மனிதர் முன்னால் தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் இருந்ததே, அதை எந்த சங்கீத சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது? துண்டை எடுக்காதே, வாசி என்று சொன்னவர்கள் பட்டுக்கோட்டை அழகிரிசாமி போன்ற சுயமரியாதைக்காரர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ராகம் தெரியும் என்பது வேறு சங்கதி.

தமிழில் பாடினால் மட்டம் என்றிருந்த காலத்தில், 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மகாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. அண்ணாமலை செட்டியாரோடு நம் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் முன்னின்றார். பழைய வாசல் திறக்காதபோது புது வாசல் கட்டினார்கள். தமிழ்ப் பாட்டுக்கு மேடை கிடைத்தது. ஆனாலும் அது சங்கீதம் படித்தவர்களுக்கான மேடை. பணம் போட்டவர் தயவில் நின்ற மேடை.

கலைஞர்களே கூடிச் செய்துகொண்ட சங்கம் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு வெளிநாட்டுச் சங்கதி சொல்லுகிறேன். பிரான்சு தேசத்தில் படம் எழுதுகிறவன் பிழைக்க வேண்டுமானால் சர்க்கார் ஆதரவில் நடக்கும் கண்காட்சியில் அவன் படம் மாட்டப்பட வேண்டும். அதற்கு ஒரு நடுவர் குழு. அது தள்ளிவிட்டால் போயிற்று. இந்த ஏற்பாட்டில் சலித்துப்போன மோனே, தெகா, பிஸாரோ முதலியவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் ஏற்படுத்திக்கொண்டார்கள். வருஷச் சந்தா 60 பிராங்க். பிஸாரோ என்பவர் ரொட்டி சுடும் தொழிலாளர் சங்கத்தின் விதிகளை மாதிரியாகக் கொண்டுவந்து காட்டினாராம். ஓவியனுக்கு ரொட்டிக்காரன் வழிகாட்டியது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. 1874 ஏப்ரலில் முப்பது பேர் அளவில் சேர்ந்து முதல் கண்காட்சி வைத்தார்கள். என்ன ஆயிற்று? பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் தலைக்கு 184.50 பிராங்க் கடன்! சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். ஆனால் கூடிக் காட்டுவதை விடவில்லை. 1886-க்குள் எட்டுக் கண்காட்சி நடத்திவிட்டார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சந்தா கட்டின அடுத்த மாதமே பெயர் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிற தோழர்கள் இந்தப் பன்னிரண்டு வருஷத்தை மனதில் வைக்க வேண்டும்.

பிரான்சு எங்கே, காங்கேயம் எங்கே என்பீர்கள். கோயமுத்தூரிலே 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் கதையைக் கேளுங்கள். அவர் 1944-இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். பின்னால் சென்னை சர்க்கார் ஓவியப் பள்ளிக்குத் தலைவராகவும் ஆனார். அவர் கண்ட கஷ்டம் என்னவென்றால், பள்ளியிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், வந்ததும் வயிற்றுக்காக ஏதாவது ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகிப் படத்தை மறந்துவிடுகிறார்கள். படத்தை வாங்க ஆளில்லை. ஆளில்லை என்று அழுதுகொண்டிராமல் அவர்கள் பாத்திக் வேலையில் இறங்கினார்கள். பாத்திக் என்றால் துணியில் மெழுகு தடவிச் சாயம் தோய்த்துப் படம் உண்டாக்குவது. படம் வாங்காத ஜனங்கள் துணி வாங்கினார்கள். அந்தப் பணத்தைப் பொதுவில் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் எட்டுப் பத்து ஏக்கர் மணல்வெளியை வாங்கினார்கள். 1966-இல் அங்கே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் ஏற்பட்டது. முப்பது நாற்பது பேர் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டு, கண்காட்சிச் சாலையும் அமைத்தார்கள். அதற்கு முன்பே 1961 முதல் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே எழுதும் பத்திரிகை ஒன்றும் நடத்தி வந்தார்கள். டில்லிக்காரனும் பம்பாய்க்காரனும் சென்னையில் ஓவியம் உண்டு என்று ஒப்புக்கொண்டது இதற்கெல்லாம் பிறகுதான்.

அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எது? மெம்பர் சீட்டா? துணி விற்ற கையும், பொதுப் பெட்டியும், சொந்த இடமும், சொந்தப் பத்திரிகையும் அல்லவா? இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றொன்றும் சொல்ல வேண்டும். அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சர்க்கார் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள். பெண்கள் மிகச் சிலர். காங்கேயத்தில் லாரிக்குப் பின்னால் பெயர் எழுதுகிற தோழருக்கு அந்தக் கிராமத்துக்கு வழியே தெரியாது. நல்ல சங்கத்துக்கும் ஒரு வாசற்படி உண்டு. அதன் உயரத்தையும் அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

இனி, தப்பு வாசிக்கும் தோழர்களைப் பற்றி. இவர்களிடம் வந்து, சங்கத்தில் சேர்ந்தால் உங்களை நாலு பேருக்குத் தெரியும் என்று எவனாவது சொன்னால் அதைவிடக் கேலி வேறில்லை. இவர்களைத் தெரியாதவன் எவன்? நோம்பிக்குத் தெரியும், சாவுக்குத் தெரியும், அரசியல்வாதி வந்தால் தெரியும். இவர்கள் சத்தம் கேளாமல் இந்தக் கொங்கு நாட்டில் ஒரு பொழுது விடிந்ததா? தெரிந்த பிறகும் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலி கொடுத்தார்களே, அதுதான் வியாதி. பெயர் தெரிவது வேறு, மதிப்பு வேறு, தோழர்களே! மற்றக் கலைஞனுக்குப் பெயர் தெரிந்தால் மதிப்பும் கூட வரலாம். அருந்ததியர் தோழருக்கு நூறு தலைமுறையாகப் பெயர் தெரிந்தும் வரவில்லை. ஆகவே இவர்களுக்குச் சங்கம் வேண்டியது விளம்பரத்துக்கல்ல. இன்ன கூலிக்குக் குறைந்தால் வாசிக்க மாட்டோம், இன்ன இடத்துக்கு அழைத்தால் வரமாட்டோம் என்று ஒரே வாயாகச் சொல்வதற்கு. தனியாளாகச் சொன்னால் அடுத்த ஊர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்வான். அடுத்த ஊராரும் மெம்பராக இருந்தால் எங்கே போவான்?

மதுரைப் பக்கத்து அலங்காநல்லூர் வேலு ஆசான் பறைக்காகவே 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் சமர் கலைக்குழு என்று ஒன்றைக் கட்டி, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் மாணவர்களுக்குக் கற்பித்தவர். சாவுக்கு அடிக்கும் தோல் என்றிருந்ததைக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையாக்கினார். 2007-இல் சர்க்கார் ஏற்படுத்திய நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்திலும் எல்லாரும் பதிந்துகொள்ளுங்கள். அது உங்கள் வரிப்பணம். ஆனால் அது கஷ்டத்துக்குக் கை கொடுப்பது, மேடை கொடுப்பதல்ல. அட்டை சட்டைப்பையில் இருந்தால் யாரும் வந்து அழைத்துப்போக மாட்டார்கள்.

கும்மி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன், ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2024-இல், பத்மஸ்ரீ வந்தது. மிகவும் சந்தோஷம். ஆனால் அதே கும்மி மேடையில் பெண்பிள்ளைகளை நிறுத்தி, சொந்த ஜாதியிலேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று சத்தியம் வாங்கியதாகவும் பத்திரிகைகளில் பார்த்தோம். பாடுகிற கதை என்ன? வேடர் வீட்டுப் பெண்ணை வேறு குலத்தான் காதலித்துக் கட்டிக்கொண்ட கதை! அந்தக் கதையைப் பாடிவிட்டு இந்தச் சத்தியமா? அந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பாடுகிறவர்களுக்காவது இருக்க வேண்டாமா? ஜாதிச் சங்கம் தருகிற மேடையில் கூட்டம் நிறைய வரும், போட்டோவும் வரும். ஆனால் அங்கே ஆடுவது கலையா, ஜாதியா என்று ஆடுகிறவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு கூட்டம் இருக்கிறது. பணம் கட்டு, சால்வையும் பட்டமும் தருகிறோம் என்று போன் செய்கிறது. 2023-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்குப் போலி டாக்டர் பட்டம் கொடுத்து, போலீசு வரை போயிற்று. பெரியவர்களே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம்? காசு கொடுத்து வாங்கிய பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாம். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கக்கூட அது உதவாது.

நீங்கள் இங்கே சங்கம் ஏற்படுத்துவதானால், ஓட்டு கலைஞனுக்கே இருக்கட்டும். ஆதரவாளர்கள் நன்கொடை தரட்டும், நாற்காலி வேண்டாம். தப்பு வாசிப்பவரும் படம் எழுதுபவரும் கும்மி ஆடும் பெண்ணும் ஒரே சந்தா, ஒரே பாய். மேடையில் யார் முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். வருஷத்தில் ஒரு நாள் சந்தைத் திடலிலே நீங்களே கூடிக் காட்டுங்கள். அதற்கான தட்டியைப் பிளெக்ஸில் அடிக்காமல் இந்தத் தோழர்கள் கையால் எழுதச் சொல்லுங்கள். வரவு செலவை மாதந்தோறும் எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள்.

சந்தா எவ்வளவு என்று இப்பொழுது பேசப்போகிறீர்கள். நான் கலைஞனல்லன், எனக்கு அதில் ஓட்டுக் கிடையாது. ஆதலால் உட்காருகிறேன்.