வீட்டுப் பெயரும் வேண்டாத பெயரும்

(குடும்பச் சந்திப்பில், அஸர் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே! முதலில் ஒரு சின்னக் கேள்வி. வீட்டில் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? நிக்காஹ் தப்தரில் உள்ள அதே பெயரா? நீங்கள் சிரிக்கிற சிரிப்பிலேயே பதில் தெரிகிறது.

நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் நல்ல பெயராகத் தேடி, காதில் பாங்கு சொல்லி, அகீகா கொடுத்துப் பெயர் வைக்கிறோம். பிறகு அந்தப் பெயரை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு பெயரில் கூப்பிடுகிறோம். இது எப்படி வருகிறது?

ஒன்று, மரியாதையால் வருகிறது. பேரனுக்கு நன்னாவின் பெயரை வைப்போம். மாமனார் பெயரை மருமகள் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? அதட்ட வேண்டிய நேரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அதட்டவும் முடியாது. அதனால் பிள்ளை 'அத்தா' ஆகிறான், 'பெரியவர்' ஆகிறான். நன்னியின் பெயர் வைத்த பெண்பிள்ளை 'அம்மா' ஆகிவிடுகிறாள். இன்னொன்று, மழலையால் வருகிறது. அக்காவின் பெயர் தம்பி வாயில் நுழையாது. அவன் சொன்னதே வீட்டுக்குப் பெயராகி நிலைத்துவிடும். முஹம்மது மம்மது ஆனதும், பாத்திமா பாத்து ஆனதும் பேசிப் பேசித் தேய்ந்ததால்தான்.

சில பெயர்கள் கேட்க வசவு மாதிரி இருக்கும், பிறந்தது கண்ணீரில். முந்திய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைப் 'பிச்சை' என்றார்கள், 'பக்கீர்' என்றார்கள். பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை இது, எங்களுக்கு விட்டுவை என்று அந்தத் தாய் கெஞ்சியது அந்தப் பெயரில் இருக்கிறது.

சுருக்கிக் கூப்பிடுவது தவறில்லை. நபி (ஸல்) அவர்களே ஆயிஷா நாயகியை 'ஆயிஷ்' என்று சுருக்கி அழைத்திருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பியை, வளர்ந்த ஆளைப் போல 'அபூ உமைர்' என்று அழைத்து, அவன் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்தார்கள். அலீ (ரலி) அவர்கள் ஒருநாள் வீட்டில் சிறு மனவருத்தம் ஏற்பட்டுப் பள்ளிவாசலில் வந்து படுத்திருந்தார்கள். மேல்துண்டு நழுவி முதுகெல்லாம் மண். நபியவர்கள் தம் கையால் அந்த மண்ணைத் துடைத்து, 'அபூ துராப்', மண்ணின் தந்தையே என்று அழைத்து எழுப்பினார்கள். அதைவிடப் பிரியமான பெயர் அலீ (ரலி) அவர்களுக்கு வேறு இருந்ததில்லை என்று ஹதீஸில் வருகிறது. துடைத்த கையோடு வந்த பெயர் அல்லவா?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அப்துர் ரஹ்மானை வெறும் 'ரஹ்மான்' என்று கூப்பிடக் கூடாது என்று நம் ஆலிம்கள் சொல்கிறார்கள். ரஹ்மான் அல்லாஹ்வின் பெயர். நம் பிள்ளை அவனுடைய அடிமை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் அத்தாவுக்கு ஒரு தம்பி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போனது. தையற்கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பெருநாள் சட்டை அவர் தைத்ததுதான். அவருக்கு வைத்தது ஒரு நபியின் பெயர். ஆனால் ஊருக்கு அவர் 'நொண்டி'. பிள்ளைகள் எங்களுக்கு 'நொண்டி சின்னத்தா'. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் ஒருநாளும் கோபித்ததில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது ரேஷன் கார்டுக்குப் படிவம் நிரப்பினேன். சின்னத்தா பெயர் எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கடைக்குப் போய் அவரிடமே கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். எழுதி முடித்ததும், "அதை ஒரு தடவை வாய்விட்டுப் படி தம்பி. கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகாவது நான் மாறினேனா? இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரிக் கூப்பிடும்போது நான் மட்டும் மாற்றிக் கூப்பிட வெட்கப்பட்டேன்.

அவர் மவுத்தானபோது பள்ளியில் அறிவிக்க மோதினாரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன், முழுப் பெயரோடு. அறிவித்தார்கள். யார் இது என்று தெருவில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மோதினார் தயங்கி, "எல்லாரும் கூப்பிடுற பேரையும் சேர்த்துச் சொல்லிடவா?" என்றார். கடைசியாகவும் அந்தப் பெயரா என்று எனக்குத் தொண்டை அடைத்தது. 'தையற்கடைக்காரர்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுபடி அறிவித்ததும் ஊரே வந்துவிட்டது. இந்தப் பெயரை நாற்பது வருடமும் சொல்லியிருக்கலாமே என்று கபுரடியில் நின்று நினைத்தேன்.

சூரா ஹுஜுராத், 49ஆவது அத்தியாயம், 11ஆவது வசனத்தில் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்லாஹ் தடுக்கிறான். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பனூ சலிமா கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. அதில் ஒரு பெயரால் நபியவர்கள் ஒருவரை அழைத்தால், அந்தப் பெயர் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்போதுதான் இந்த வசனம் இறங்கியது என்று ஹதீஸில் இருக்கிறது. ஆக, அளவுகோல் கூப்பிடுகிறவருடைய எண்ணம் அல்ல, கூப்பிடப்படுகிறவருடைய மனம். என் சின்னத்தா கோபப்படவில்லையே என்று கேட்கலாம். வீட்டில் இருப்பவர்களை எதிர்த்துப் பேச முடியாதவர் எப்படிக் கோபப்படுவார்?

இன்று வீட்டுக்குப் போய் ஒரு காரியம் செய்யுங்கள். கறுப்பி, குள்ளன், செவிடு, தத்தி, இப்படி யாரையாவது கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அவரைத் தனியாக அழைத்து, "உனக்கு எந்தப் பேர் பிடிக்கும்?" என்று கேளுங்கள். "பரவாயில்லை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். பிறகு பெரியவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். வாய் தவறும், திருத்திச் சொல்லுங்கள். பிள்ளைகள் தானாக மாறிவிடுவார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். வீட்டுப் பெயரையே பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு, ஆதாரில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்று வைத்திருந்தால், பாஸ்போர்ட்டுக்கும் ஹஜ் விண்ணப்பத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் பிள்ளைகள் அலைய வேண்டிவரும். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்தாக இருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் என் சின்னத்தாவின் கபுரை விசாலமாக்குவானாக. நம் நாவால் நம் வீட்டார் மனம் நோகாமல் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.