கொய்யாத் தோப்பும் கடற்புல்லும்

(ஆயக்குடி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொய்யா விளையும் ஊரில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணலாம். பழனி, ஆயக்குடிப் பகுதி வெள்ளம் சண்முகநதியில் சேர்கிறது. சண்முகநதி அமராவதியிலும், அமராவதி கரூர் அருகே காவிரியிலும் கலக்கின்றன. காவிரியின் கிளையாறுகள் சில முத்துப்பேட்டை வழியாகப் பாக் நீரிணையை அடைகின்றன. நிலத்தில் கரைந்த உரத்துக்கும் இதுவே வழி. வழியிலுள்ள அணை, குளம், பயிர் ஆகியவை பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆற்றோர ஊர்கள் அனைத்தின் மிச்சமும் ஒன்றுசேர்ந்தால் அது சிறிய அளவன்று.

கரையை ஒட்டி ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை சரியும் கடலடி நிலம் கண்டத்திட்டு எனப்படும். மீன்வளம் மிகுந்த பகுதி இதுவே. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் வளர்கிறது. அது மீன் குஞ்சுகளுக்கு நாற்றங்கால். ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு மேய்ச்சல் நிலம். கடற்பசுவைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது.

கடற்புல்லுக்கும் உரம் நல்லதுதானே எனலாம். அளவு மிஞ்சினால் நீரில் மிதக்கும் நுண்பாசி பெருகி, களை பயிரை மூடுவதுபோல் வெயிலை மறைக்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும்.

கருங்கடலின் வடமேற்குக் கண்டத்திட்டில் இது நடந்தது. அங்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டரில் செந்நிறப் பாசி படர்ந்திருந்தது. டான்யூப் முதலிய ஆறுகள் வயல் உரத்தையும் ஊர்க் கழிவையும் கொண்டு சேர்த்தன. 1970-களில் தொடங்கி அடிவாழ் உயிர்கள் ஏராளமாக மடிந்தன. பாசிப் பரப்பில் சிறு பகுதியே எஞ்சியது. 1990-க்குப் பின் அந்நாடுகளில் பொருளாதாரம் சரிந்து உரப் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. சில ஆண்டுகளில் கடல் ஓரளவு தேறியது.

ஆகவே உரத்தை விடச் சொல்லவில்லை. வீணாவதைத் தடுக்கச் சொல்கிறேன். காய்க்கும் கொய்யா மரத்துக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோவும், தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 1 கிலோவும் மார்ச், அக்டோபர் என இரு தவணைகளில் இடப் பரிந்துரைக்கப்படுகிறது. அக்டோபர் தவணையில்தான் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது.

1. மண் பரிசோதனை செய்து அளவை முடிவு செய்யுங்கள்.
2. கனமழை வரும் நாளில் உரமிடாதீர்கள். மழை வெறித்தபின் ஈரத்தில் இடுங்கள்.
3. தண்டைவிட்டுத் தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து, உரமிட்டு மண்ணால் மூடுங்கள்.
4. சரிவுக்குக் குறுக்கே வரப்பு எடுங்கள். ஓடைக்கரைப் புல்லைச் செதுக்காமல் விடுங்கள்.

1 கிலோ தழைச்சத்துக்கு ஏறத்தாழ 2.2 கிலோ யூரியா வேண்டும். 100 மரங்களுக்கு 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 5 மூட்டை. அதில் ஒரு மூட்டை ஓடையோடு போனாலும் முதல் நட்டம் உங்களுக்கு. அடுத்த நட்டம் கடலை நம்பி வாழும் மீனவருக்கு. இந்தப் பருவத்திலேயே இதைத் தடுக்க முற்படுங்கள்.