கமத்திற் பன்றி வளர்ப்பு
(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லும் மரக்கறியும் செய்யும் உங்களுட் பலர், வீணாகும் தவிடு, விலைபோகாத கிழங்கு, கழித்த இலைகுழை ஆகியவற்றைப் பணமாக்க வழியுண்டா என வினவுகின்றீர்கள். அவ்வழிகளுள் ஒன்று பன்றி வளர்ப்பு. இது நம் நாட்டுக்குப் புதிய தொழிலன்று. புத்தளம் தொடங்கிச் சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்பு வரையுள்ள மேற்குக் கரையோரத்தில் இது நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது.

நன்கு பேணப்படும் பெண்பன்றி ஆண்டுக்கு இருமுறை ஈனும். ஈற்றொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு குட்டிகள் தரும். குட்டிகள் ஆறேழு மாதங்களில் 90 கிலோகிராம் நிறையை அடையும். மாடும் ஆடும் இவ்வளவு விரைவிற் பெருகுவதில்லை. ஆனால் பன்றிப்பட்டி விரைவிற் பெருகுவதுபோலவே விரைவில் அழியவும் கூடும். ஆகவே, நோய் நுழையும் வழிகளை முன்னரே அடைக்கக்கூடியவரே இத்தொழிலில் இறங்கவேண்டும். இனி, தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூறுவேன்.

கொட்டில்

கொட்டிலை வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலக்கி, மேட்டு நிலத்தில் அமையுங்கள். உள்ளூராட்சி மன்றத்தின் விதிகளை முதலில் விசாரித்தறியுங்கள். பன்றியை விலக்கும் சமயத்தவர் அயலில் இருப்பின், அவர்கள் மனம் நோகாத இடத்தைத் தெரிவதே முறை.

கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. பன்றியின் தோல் வியர்த்துக் குளிர்வதில்லை. சேற்றில் அது புரள்வது உடற்சூட்டைத் தணிப்பதற்காகவே. நிழலும் நீரும் கொடுத்தால் அது சேற்றை நாடாது. படுக்கவும் மலங்கழிக்கவும் தனித்தனி இடம் வைத்துக்கொள்ளும் சுத்தமான பிராணி அது. நிலத்துக்குச் சீமெந்திட்டுச் சிறிது சரிவாக அமையுங்கள். வழுக்காதபடி அது சற்றுச் சொரசொரப்பாக இருக்கவேண்டும். நடுப்பகலில் உடலில் நீர் தெளிப்பது நன்று.

தெரிதலும் சேர்த்தலும்

இனவிருத்திக்குரிய பெண்குட்டியைச் சந்தையில் வாங்காதீர்கள். தாயை நேரிற் பார்த்து வாங்குங்கள். நிறையக் குட்டிகளை ஈன்று, அவற்றைச் சேதமின்றி வளர்த்த தாயின் குட்டியே வேண்டும். அதற்குப் பன்னிரண்டுக்குக் குறையாத நல்ல முலைக்காம்புகளும் உறுதியான கால்களும் இருத்தல் அவசியம். பெரிய வெள்ளை, லாண்ட்ரேஸ் ஆகிய இனங்களும் அவற்றின் கலப்பும் நல்லவை. ஆண்பன்றி வேறு பட்டியிலிருந்து வரவேண்டும். தந்தையை மகளோடு சேர்த்தால் குட்டிகள் குறையும், பிறப்பனவும் நலிந்திருக்கும்.

பெண்பன்றி ஏறக்குறைய எட்டு மாதமாகி, 110 கிலோகிராம் நிறையடைந்த பின்னர் முதன்முறை சேர்க்கலாம். வேட்கை 21 நாளுக்கொருமுறை தோன்றி, இரண்டு மூன்று நாள் நிற்கும். அப்போது முதுகைக் கையால் அழுத்தினால் பன்றி அசையாது நிற்கும். அந்நிலை கண்டபின் ஒருமுறையும், பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் இடைவிட்டு மறுமுறையும் சேருங்கள். திகதியைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஈற்றும் குட்டிகளும்

சினைப்பன்றிக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2½ கிலோகிராம் கலப்புத்தீன் போதும். அளவுமீறிக் கொழுத்த பன்றி ஈனும்போது வருந்தும், குட்டிகளையும் நசுக்கும். ஈற்றுக்கு இரண்டு வாரத்துக்கு முன் மிருக வைத்தியர் சொற்படி பூச்சிமருந்து கொடுங்கள். ஒரு வாரத்துக்கு முன் தாயைக் கழுவி, சுத்தமான அறையில் விடுங்கள். அது வைக்கோலைச் சேர்த்துக் கூடு கட்டத் தொடங்கி, காம்பைப் பிதுக்கியவுடன் பாலும் வந்தால், ஒரு நாளுக்குள் ஈனும்.

பிறந்த முதல் மூன்று நாட்களிலேயே குட்டிகள் மிகுதியாக மடிகின்றன. தாய் படுக்கும்போது நசுங்குவதும், குளிரும், பசியுமே அதற்குக் காரணம். அறைச் சுவரைச் சுற்றி, சுவருக்கும் நிலத்துக்கும் எட்டுப் பத்து அங்குலம் விலகியிருக்குமாறு மரத்தாலோ குழாயாலோ ஒரு தடுப்புக் கட்டுங்கள். தாய் சுவரோடு சாயும்போது குட்டிகள் அதன் கீழ்ப் புகுந்து தப்பும். மூலையொன்றிற் குட்டிகள் மாத்திரம் நுழையக்கூடிய பெட்டியமைத்து, உலர்ந்த வைக்கோலிட்டு, மின்குமிழொன்றைத் தொங்கவிடுங்கள். தாய்க்குக் குளிர்ச்சி இதமானது; குட்டிக்கோ 32 பாகை செல்சியஸ் அளவிற்குக் குறையாத சூடு வேண்டும்.

பிறந்த குட்டியைத் துடைத்து, தொப்புட்கொடியில் அயடீன் தடவி, உடனே பால் குடிக்க விடுங்கள். முதற் சீம்பாலிலேயே குட்டிக்கு நோயெதிர்ப்புச் சக்தி கிடைக்கின்றது. ஒரு நாள் கழிந்தபின் அதை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு இராது. பன்றிப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சீமெந்து நிலத்தில் வளரும் குட்டி வெளிறிச் சோர்வதற்கு அதுவே காரணம். மூன்றாம் நாளில் இரும்புச்சத்து ஊசி ஏற்றுவியுங்கள். இரண்டாம் வாரத்தில் மெல்லிய தீனை ஊட்டிப் பழக்கி, ஆறு முதல் எட்டு வாரத்திற் பால்மறக்கச் செய்யுங்கள். தாய் ஒரு வாரத்துக்குள் மீண்டும் வேட்கைக்கு வரும்.

தீன்

பன்றிக்கு மாட்டைப்போல அசைபோடும் வயிறில்லை. ஆதலால் உமி கலந்த தவிடு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. தவிடு புதிதாக இருக்கவேண்டும். காறல் மணமும் பூஞ்சணமும் ஏறியதைக் கொடாதீர்கள். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

வளரும் பன்றிக்கு ஏற்ற 100 கிலோகிராம் கலவையொன்றைக் கூறுகிறேன்:

சோளம் அல்லது அரிசிக் குறுணல் – 40
தவிடு – 30
தேங்காய்ப் பிண்ணாக்கு – 15
சோயாப் பிண்ணாக்கு – 9
மீன்தூள் – 4
கனியுப்புக் கலவை – 1½
கறியுப்பு – ½

20 கிலோகிராம் நிறையுள்ள பன்றி இக்கலவையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராமும், 50 கிலோகிராம் நிறையுள்ளது இரண்டு கிலோகிராமும் உண்ணும். வற்றாளைக் கிழங்கையும் அதன் கொடியையும் சேர்த்துக் கொடுத்துச் செலவைக் குறைக்கலாம். மரவள்ளியை நறுக்கி அவித்தோ நன்கு காயவைத்தோ கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள நஞ்சு கொல்லும். பால்கொடுக்கும் தாய்க்கு இரண்டு கிலோகிராமுக்கு மேல் குட்டியொன்றுக்குக் கால் கிலோகிராம் முதல் அரைக் கிலோகிராம் வரை கூட்டிக் கொடுங்கள். நீர் எந்நேரமும் இருக்கவேண்டும். கருவாட்டு நீரும் உப்புக் கூடிய உணவும் தின்ற பன்றி, நீர் கிடையாவிடின் வலிப்புற்று இறக்கும்.

கழிவுணவு வாளி

கமக்காரர்களே, இனிக் கூறப்போவதைக் கருத்தூன்றிக் கேளுங்கள். 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் தோன்றிப் பல பட்டிகளை அழித்தது. இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால் இது பிடித்த பன்றியைக் குணமாக்கும் மருந்து இல்லை. கடுங்காய்ச்சல், தீன் வெறுத்தல், காதும் வயிறும் சிவந்து கருநீலமாதல், திடீர் மரணம் ஆகியவை இதன் குறிகள்.

இந்நோய்க் கிருமி உறைந்த இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். சாப்பாட்டுக் கடையிலிருந்து நீங்கள் கொண்டுவரும் எச்சில் உணவில் ஒரு துண்டுப் பன்றியிறைச்சி இருந்தாலும், பட்டி முழுவதற்கும் அது போதும். இயன்றவரை கடைக் கழிவைத் தவிர்த்து, உங்கள் கமத்திலே விளைந்ததை ஊட்டுங்கள். கடைக் கழிவை ஊட்டியே தீரவேண்டுமாயின், இறைச்சியைப் பொறுக்கி அகற்றிய பின்னர், கிளறிக் கிளறி அரைமணி நேரத்துக்குக் குறையாமற் கொதிக்கவைத்து, ஆறியபின் கொடுங்கள். கொதிக்காத வாளியையும் கொதித்த வாளியையும் மாற்றிப் பாவிக்காதீர்கள்.

வயலை அழிக்கும் காட்டுப்பன்றிக்கும் இந்நோய் வரும். அதன் இறைச்சியையோ குடலையோ கொட்டிலருகே கொண்டுவராதீர்கள். வியாபாரியை வாசலோடு நிறுத்துங்கள். கொட்டிலுக்கெனத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கிய பன்றியைக் குறைந்தது ஒரு மாதம் புறம்பாக வைத்துப் பார்த்த பின்னரே பட்டியிற் சேருங்கள்.

வயலும் நுளம்பும்

நெற்செய்கையாளர் அறியவேண்டியது இன்னுமொன்று உண்டு. யப்பானிய மூளைக் காய்ச்சலின் கிருமி பன்றியின் குருதியிற் பெருகி, வயல்நீரில் வளரும் நுளம்புகளால் மனிதரை வந்தடைகின்றது. 1985 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1986 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அனுராதபுரப் பகுதியில் இந்நோய் பரவிப் பலர் இறந்தனர். நீர்ப்பாய்ச்சும் வயல்களுக்கிடையே பன்றி வளர்ப்புப் பெருகியமை அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. ஆகையால் வயற்கரையிற் கொட்டில் கட்டாதீர்கள். பொழுதுபட முன் கொட்டிலை வலையால் மூடுங்கள். அரசாங்கம் குழந்தைகளுக்கு ஏற்றும் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

முடிவுரை

பன்றியெரு மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகும். பச்சையாக இடாமல், வைக்கோலோடு குவித்து மக்கவைத்து இடுங்கள்.

ஒரு பன்றி தீன் உண்ண மறுத்துக் காய்ச்சலோடு படுத்தால், அன்றே மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவியுங்கள். நட்டத்துக்கு அஞ்சி அதை அவசரமாக விற்றுவிடுதல், அயலவன் பட்டிக்குத் தீவைப்பதற்கு ஒப்பாகும். இறந்ததைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல், அதிகாரி சொல்லும் முறைப்படி ஆழப் புதையுங்கள்.

பத்துப் பன்றிகளோடு தொடங்க எண்ணுபவர், இரண்டு பெண்பன்றிகளோடு தொடங்குங்கள். அவற்றின் முதல் ஈற்றுக் குட்டிகளைச் சேதமின்றி வளர்த்துப் பால்மறக்கச் செய்தபின் தொகையைக் கூட்டலாம். ஐயம் தோன்றும்போதெல்லாம் உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள்.