கை கடந்த ஓலை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் பாங்கு விவகாரமா என்று எண்ண வேண்டா. நம் சங்கம் பட்டறிந்த பாடம் ஒன்றையே கூற முன்வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் விழாப் பந்தலுக்காக ரூ. 18,000க்கு டிராப்டு எடுத்து, பந்தற்காரரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டோம். வந்ததோ பாதிப் பந்தல்! சினத்துடன் பாங்குக்கு விரைந்து, “பணத்தை நிறுத்துங்கள்” என்றோம். மேலாளர் பொறுமையாக மறுத்தார்.

“காசோலை தாங்கள் பாங்குக்கு இடும் கட்டளை; பணம் கொடுபடுமுன் அதனைத் தாங்களே மாற்றலாம். டிராப்டோ பாங்கு தன் கிளைக்கே இடும் கட்டளை. தங்களிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு, உரியவருக்குத் தருவதாக நாங்கள் வாக்களித்துவிட்டோம். ஓலை அவர் கையை அடைந்தபின், தங்கள் சச்சரவுக்காக அவ்வாக்கை நாங்கள் மீறலாகாது” என்றார்.

அன்று மனம் வருந்தினோம். பின்னர் அதுவே நியாயம் என உணர்ந்தோம். ஊர் விட்டு ஊர் வந்த நம்மை இங்கு யார் அறிவார்? ஆயினும் நம் பிள்ளைகள் நீட்டும் டிராப்டை முன்பின் அறியாத கல்லூரி ஏற்கின்றதே! நாம் நினைத்தவுடன் நிறுத்த இயலாது என்பதாலன்றோ அந்த நம்பிக்கை? பந்தற்காரரோடு இருந்த வழக்கை அவரோடுதான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்து மூலம் கேட்டு, ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றோம்.

சாதாரணக் காசோலையை நிறுத்தலாம். ஆனால் கடன் நிற்பதில்லை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. பணம் நிறுத்தப்பட்ட காசோலையும் இப்பிரிவுக்கு உட்படும் என 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் உரியவர் நோட்டீசு அனுப்பலாம். அதனைப் பெற்ற 15 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிடில் வழக்கு வரும். இரண்டாண்டு வரை சிறை, தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கணக்கில் போதிய பணம் இருந்தது, கொடுக்கவேண்டிய கடனும் இல்லை என்று மெய்ப்பிப்பவருக்குக் குற்றமில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே.

ஆகவே அன்பர்களே, டிராப்டு நம் கையில் உள்ளவரை பாங்கில் திருப்பிக் கொடுத்து ரத்துச் செய்துகொள்ளலாம். தொலைந்துபோனால் உடனே தெரிவித்து, ஈட்டுறுதி எழுதிக் கொடுத்து நகல் பெறலாம். கை கடந்துவிட்டாலோ, பாங்கோடு பூசலிட்டுப் பயனில்லை. வேலை முடியுமுன் முழுத் தொகைக்கும் ஓலை கொடாதிருப்பதே அறிவுடைமை. இவ்வாண்டுப் பந்தலுக்குப் பாதித் தொகையே முன்பணம். பந்தலோ முழுமையாக நிற்கின்றது!