எண்ணெய் வாளி



கதை சொல்லும் முறை பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

2017இல் ஜப்பானிலிருந்து வந்த 'நியர்: ஆட்டோமேட்டா'. இயக்கியவர் யோகோ டாரோ. உருவாக்கியது ஒசாகாவின் பிளாட்டினம்கேம்ஸ். சண்டை விளையாட்டுகளுக்குப் பேர்போன நிறுவனம். நிலவில் ஒதுங்கிய மனிதர்களுக்காக, வேற்றுக் கிரகத்தாரின் இயந்திரங்களோடு மனித உருவ ரோபோக்கள் போரிடுகின்றன. முதல் சுற்றில் டூபி என்கிற வீராங்கனையாக வெட்டித் தள்ளுகிறோம். கடைசியில் பெயர்ப் பட்டியலும் ஓடிவிடுகிறது. ஆட்டம் முடிந்தது என்று அதோடு எழுந்து போனவர்கள் உண்டு. பாவம்!

மறுபடி தொடங்கினால் திரையில் டூபி இல்லை. ஒரு குட்டி இயந்திரம், கையில் வாளி. அசையாமல் கிடக்கும் பெரிய இயந்திரம் அதற்கு அண்ணன். எண்ணெய் ஊற்றினால் அண்ணன் எழுந்துவிடுவான் என்று நம்பி நடக்கிறது. நடத்துகிறவர்கள் நாம்தான். வழியில் தடுக்கி விழுந்தால் எண்ணெய் கொட்டிவிடும். திரும்பப் போய் நிரப்ப வேண்டும். வாளும் இல்லை, எதிரியும் இல்லை. முதல் சுற்றில் நாம் நொறுக்கியதெல்லாம் யார் யாருடைய அண்ணன்களோ! அந்தக் கேள்வியை வசனம் எதுவும் எழுப்பவில்லை, வாளி எழுப்புகிறது.

நேர்கோட்டில் செல்லாத கதை என்றால் காலத்தைக் கலைத்துப் போடுவது என்றே நம் எழுத்தாளர்கள் பலர் நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் அதே சம்பவங்கள்தான், அதே வரிசைதான். நம்மை நிறுத்திய இடம்தான் வேறு.

குறும்புக்கும் குறைவில்லை. மொத்தம் 26 முடிவுகள், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒரு மீனைத் தின்றால் உடல் திரவம் உறைந்து நாயகி செத்துப்போவாள். பெயர்ப் பட்டியல் விறுவிறுவென ஓடும். அவளை இயக்கும் சில்லைக் கழற்றினாலும் அதே கதி.

சிரித்துக்கொண்டே ஐந்தாவது முடிவுக்கு வந்தால் ஒரு கேள்வி காத்திருக்கிறது: முகம் தெரியாத இன்னொரு ஆட்டக்காரருக்கு உதவ, நீ சேமித்ததையெல்லாம் அழித்துவிடலாமா? சரி என்று அழுத்தினால், ஆயுதம், பொருள் என்று ஒவ்வொன்றாகக் கண்முன்னே காலியாகும். யாருக்கு உதவினோம் என்பதும் தெரியாது. என் அக்கா மகன் யோசிக்காமல் அழித்தான். எனக்கு இன்னும் மனம் வரவில்லை.