பழைய பேட்டரிக்குள் ஒரு சுரங்கம்

கார் பேட்டரி செத்துப்போனால், கடைக்காரர் பழசை வாங்கிக்கொண்டு புதுசின் விலையைக் கொஞ்சம் குறைப்பார். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள்! அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம்.

1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த பேட்டரிதான் இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. காரீயத் தகடு, கந்தக அமிலம், அவ்வளவுதான். உடைத்துப் பிரிப்பது சுலபம். 327 டிகிரி செல்சியஸிலேயே காரீயம் உருகிவிடும். எத்தனை முறை சுத்திகரித்தாலும் தரம் குறையாது. அதனால்தான் உலகில் ஆண்டுதோறும் கிடைக்கும் காரீயத்தில் பாதிக்கு மேல் சுரங்கத்திலிருந்து வருவதில்லை, பழசிலிருந்து வருகிறது.

ஆனால் பழைய பேட்டரியிலிருந்து காரீயம் எடுப்பது வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலையல்ல. காரீயம் நஞ்சு. செனகல் நாட்டில் தியாரோயே சுர் மேர் என்ற ஊர். பேட்டரித் தூள் கலந்த மண்ணை அள்ளி வந்து, வீட்டருகே சலித்துக் காரீயம் எடுத்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை, அங்கே 18 குழந்தைகள் இறந்தன.